மூடியில் போட்ட ஓட்டைகள்

ரேணுகாம்பாள் தன் கணவனிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. ‘ங்க’ போடாமல் ஒரு பேச்சைக்கூட முடித்ததில்லை. ஆனால் அந்த ‘ங்க’வை அவள் சொல்லும் விதத்தைக் கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளிகூடச் சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

கணவன் சின்னதுரை முதலில் ஜரிகை வியாபாரம் செய்தான். பிறகு கேபிள் டிவி, பிறகு கோழிப்பண்ணை. எல்லாவற்றையும் ஊரைக் கூட்டி ஆரம்பித்தான். யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினான். ஆரணியைச் சுற்றியுள்ள தறிக்காரர் வீடுகளில் சேலை வாங்கிக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, குடும்பத்தை நடத்தியது ரேணுகாம்பாள்தான். அதற்காகத்தான் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினாள். அதில் சின்னதுரையின் கண் விழுந்தது இரண்டாயிரத்து இரண்டில்.

யாரோ கொடுத்த மோட்டார் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து வண்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினான். உள்ளே கியருக்குப் பதிலாக ஒரு ரப்பர் பெல்ட்டும், அதைத் தள்ளிக் கொடுக்கும் சின்னச் சின்ன உருளைகளும் இருந்தன.

“பாரு ரேணு, இந்த ரோலருங்கோதான் வெயிட்டு. வெயிட் கம்மியா போட்டு, கிளட்ச் ஸ்பிரிங்க கொஞ்சம் டைட்டா போட்டா, எடுத்த எடுப்புலயே வண்டி பறக்கும்.”

“பறக்கட்டுங்க. நாளைக்குக் காலைல நான் தேவிகாபுரம் போவணும். அதுக்குள்ள மூடிடுங்க.”

கோழிகளைப் பற்றியும் இதே குரலில்தான் அவன் பேசினான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. கோழிகள் செத்தன. வண்டிக்கு அந்தக் கதி வராமல் இருந்தால் போதும்.

சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் முன்பே வாங்கி வைத்திருந்த சாமான்களை அன்று மாலையே மாட்டிவிட்டான். மறுநாள் இரண்டு சேலை மூட்டைகளைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி துள்ளிப் புறப்பட்டது. வழக்கமாக மூச்சு வாங்கி ஏறும் மேட்டில், பாரத்தோடு சிரமமில்லாமல் ஏறியது. முன்னால் போன பஸ்ஸை அவள் தாண்டியபோது கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டாள்.

“எப்படி இருக்குது?” என்று வாசலிலேயே நின்று கேட்டான் சின்னதுரை.

“ஓடுதுங்க” என்றாள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னால் அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப் வைக்கிறேன் என்பான்.

அவள் சொல்லாததை அவனே கோட்டை மைதானத்து டீக்கடையில் சொல்லித் தீர்த்தான். கேட்பதற்கு ஆள் கிடைத்ததும் இன்னும் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அரிப்பு வந்தது. பெல்ட் சூடாகிறது, காற்று வேண்டும் என்று பக்கத்து மூடி முழுக்க டிரில்லால் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தான். இட்லித் தட்டு மாதிரி இருந்தது.

“மழை வந்தா தண்ணி உள்ள போவாதுங்களா?”

“மழையா? ஆரணியிலயா?” என்று சிரித்தான். “உனக்கு இன்னா தெரியும் மெக்கானிசம்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

ஐப்பசியில் கண்ணமங்கலத்துப் பலராமன் மகளுக்குக் கல்யாணம். பலராமன் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. முகூர்த்தச் சேலையை அவளே கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. தானும் வருவேன், தானே ஓட்டுவேன் என்று சின்னதுரை அடம்பிடித்தான். சொந்தக்காரர் முன்னால் சர்ரென்று போய் நிற்க ஆசை. சேலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். அடுத்த பள்ளத்தைத் தாண்டியதும் இஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. இன்னும் திருகினான். இன்னும் அலறியது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

“பெல்ட் நனைஞ்சி வழுக்குது. இரு ரேணு, காயட்டும்.”

“காயட்டுங்க” என்று இறங்கினாள். பின்னால் வந்த வேலூர் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாண வீட்டில் சேலையைப் பிரித்துக் காட்டி, எல்லோரும் தொட்டுப் பார்த்து முடித்த பிறகுதான் சின்னதுரை சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான். மழை விட்டதும் பெல்ட் காய்ந்திருக்க வேண்டும். வாசலில் வண்டியை உறுமவிட்டு நிறுத்தினான்.

“இன்னா மாப்ள, லேட்டு?” என்றார் பலராமன்.

“வழியில ஒருத்தர் வண்டி நின்னுபோச்சுங்க. பாவம், மழையில பேஜாராயி நின்னுகினு இருந்தார். ரெடி பண்ணி அனுப்பிட்டு வரேன்.”

ரேணுகாம்பாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பொய்யில் தன்னையே ‘பாவம்’ என்று அவன் சொல்லிக்கொண்டதுதான் அருவருப்பாக இருந்தது.

பலராமன் குனிந்து வண்டியைப் பார்த்தார். “ஓட்டையெல்லாம் ஸ்டைலா இருக்குதே. நம்ம வண்டிக்கும் இதே மாதிரி போட்டுத் தாங்களேன்.”

“போடாதீங்கண்ணா” என்றாள் ரேணுகாம்பாள். குரலை உயர்த்தவில்லை. “தண்ணி போனா நின்னுடும். மழையில நின்னுகினு இருந்தவரு இவருதாங்க.”

பந்தலில் இருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பலராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சமையல்காரரைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். சின்னதுரை துண்டு வாங்கித் தலையைத் துவட்டினான், வெகுநேரம் துவட்டினான்.

திரும்பும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள். அதன்பிறகு அந்த ஸ்கூட்டரை அவன் தொடவே இல்லை.

அடுத்த வாரம் கொசப்பாளையத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஓட்டையில்லாத மூடி ஒன்றை மாட்டச் சொன்னாள்.

“ரோலரு, ஸ்பிரிங்கெல்லாம்கூட மாத்தியிருக்காங்கக்கா. கம்பெனி சாமானே போட்டுடட்டுமா?”

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். மேட்டில் ஏறிய ஏற்றம் தொடையிலும் கையிலும் இன்னும் இருந்தது.

“வேணாம். அது அப்படியே இருக்கட்டும்.”

வீட்டு வாசலில் புது மூடியைப் பார்த்ததும் சின்னதுரைக்கு முகம் சுண்டியது. “எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டியா? போ. இனிமே மாட்டுவண்டிதான். மேடு வந்தா தள்ளிகினு போ.”

“ஆமாங்க” என்றாள் ரேணுகாம்பாள். மூட்டைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சந்தவாசலுக்குக் கிளம்பினாள்.