விரிப்பின் மறுமுனை

ஐந்து மணிக்கே சலவைக்கூடத்தில் ஆவி மூக்கை அடைத்துவிடும். ஆஸ்பத்திரி விரிப்புகள் இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும். மேசைக்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நுனிகளைப் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி மடிக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் மற்றவர் கை சுளுக்கும். பிந்துகிறவன் எப்போதும் நான்தான். சுளுக்குவது எதிரே நிற்கும் அக்காவின் கை.

விடியலில் சலவை, மதியம் பார்சல் சுமப்பது, சாயங்காலம் மின்பணிப் படிப்பு. மத்தளத்துக்கே இரண்டு பக்கம்தான் இடி! வகுப்பில் ஒருநாள் ஆசிரியர் கேள்வி கேட்க, தூக்கத்தில் எழுந்து இரண்டு கையையும் நீட்டி, "பிடிங்கக்கா" என்றேன்.

என் இல்லறம் நடப்பது மாடிப்படியில். மனைவி ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை முடிந்து ஏறுவாள், நான் இறங்குவேன்.

"முடி வெட்டிக்கிட்டியா?" என்றேன் இன்று.

"போன மாசமே வெட்டிட்டேன். போய் நல்லா எழுது."

இன்று பத்து மணிக்குக் கடைசித் தேர்வு. போன வருடமே ஒருமுறை தவறவிட்டேன். இன்றும் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். தேறினால் ஒரே வேலை போதும். மனைவியைப் படிக்கட்டுக்கு வெளியிலும் பார்க்கலாம்.

எட்டரைக்கு முதலாளி வந்தார். "மூணு மணி வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது."

"ஒம்பதுக்கு விடுறேன்னு போன மாசமே சொன்னீங்களே, ஐயா."

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன். போறதா இருந்தா போ. நாளைக்கு வராத."

வேலை போனால் படிப்பும் போகும். படிப்பு போனால் இந்த ஆவியிலேயே வெந்து முடிய வேண்டியதுதான். வீரவசனம் ஒன்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு விரிப்பின் நுனியைப் பிடித்தேன்.

எதிரே மறுமுனை தரையில் விழுந்தது.

"பிடிங்கக்கா."

"மாட்டேன்" என்றாள் அக்கா. "எம் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்பவும் இப்படித்தான் மாத்திச் சொன்னாரு. அன்னைக்கு நானும் உன்ன மாதிரி நுனியத்தான் பிடிச்சேன்."

"அவ இடத்துக்கு வேற யாராவது வாங்க" என்றார் முதலாளி.

பக்கத்து மேசையில் ஒரு முனை விழுந்தது. அதற்கடுத்த மேசையிலும். பிறகு எல்லா மேசையிலும்.

"வேலை நேரத்த எழுதிச் சுவத்துல ஒட்டுங்க" என்றாள் அக்கா. "ஒட்டினத மாத்தக் கூடாது. அதுவரைக்கும் மடிக்க மாட்டோம்."

"எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. ஆனா தனியாளா இத மடிக்க முடியாது, பாத்துக்குங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன மரமாட்டம் நிக்கிற? ஓடு. எழுதிட்டு நேரா இங்க வா."

வாசலில் திரும்பிப் பார்த்தேன். உருளை விரிப்புகளைக் கக்கிக்கொண்டே இருந்தது. முதலாளி ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுமுனைக்கு ஒருவரும் குனியவில்லை.

தேறுவேனா, தெரியாது. நாளை இந்தக் கதவு திறக்குமா, அதுவும் தெரியாது. பரீட்சை முடிந்ததும் ஓடிவர வேண்டும். மடிக்க அல்ல, அவர்களோடு மடிக்காமல் நிற்க. ஏற்கெனவே நேரம் போதாத எனக்கு இன்னொரு வேலை சேர்ந்துவிட்டது. இதற்கு மட்டும் பிந்தக் கூடாது.