தலைக்குள்ளே ஷாக்

கண்ணை இடப்பக்கம் திருப்பினால் ஒரு ஷாக், வலப்பக்கம் திருப்பினால் இன்னொன்று. வனஜாவுக்கு ஷாக் என்றால் என்னவென்று தெரியும். கல்யாணத்துக்கு முன்பு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள். அங்கே அடித்தால் கையை உதறலாம், பக்கத்திலிருப்பவளைத் திட்டலாம். இது தலைக்குள் அடித்தது. எதை உதறுவது, யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கட்டிய புருஷனே இருந்தான்.

பரந்தாமனுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, அக்கம்பக்கத்தில் நல்ல மனுஷன் என்று பேர். இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போனபிறகு வனஜா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, மூத்தவளுக்குத் தலைவாரிவிடவில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஒரு மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள், சமைத்தாள், ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. அன்றைக்கே அவள் குணமாகிவிட்டாள் என்று பரந்தாமன் முடிவுகட்டிவிட்டான்.

"அதான் நல்லா கீறியே, இன்னும் இன்னாத்துக்கு அந்த மாத்திரை? பழக்கமாயிடும்," என்றான். காலையில் சிகரெட் பிடிக்காமல் கக்கூஸுக்குப் போக முடியாத மனுஷன் சொன்னது இது. அவனுடைய அக்கா புஷ்பா காட்டுப்பாக்கத்திலிருந்து வந்து ஒத்து ஊதினாள். "குவார்ட்டர்ஸ்ல தெரிஞ்சா என் தம்பி எப்டிடி தலை நிமிந்து நடப்பான்?"

டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள் வனஜா. கேட்டால் விடமாட்டார், அவருக்கு அதுதானே பிழைப்பு என்றார்கள் இருவரும். மீதியிருந்த மாத்திரை அட்டையைப் பரந்தாமன் குப்பையில் போட்டான். வனஜாவும் சரியென்று இருந்துவிட்டாள். பைத்தியக்கார மாத்திரை தின்கிறவள் என்ற பேர் அவளுக்கும் கசக்கத்தான் செய்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் வயிற்றைப் புரட்டியது. பிறகு வியர்வை, மார்கழிக் குளிரில் ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டியது. கண்ணை மூடினால் கண்டகண்ட கனவு. டி.வி.யில் சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுகை. அப்புறம் இந்த ஷாக். எல்லாவற்றுக்கும் மேலே கோபம்.

"மாத்திரைய நிறுத்துனதுலேர்ந்துதாங்க இப்டி," என்றாள்.

"உடம்புல கீற விஷம் எறங்குது. எறங்கட்டும்," என்றான் பரந்தாமன்.

"தலைக்குள்ள ஷாக் அடிக்குதுங்க."

பக்கத்திலிருந்த புஷ்பாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. "பாத்தியாடா, அவ வாயாலயே சொல்லிட்டா. இதுக்குக் கரன்ட் வெச்சாத்தான் அடங்கும். எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு வெச்சாங்க, இப்ப வாயே தொறக்கறதில்ல." இதை அவள் ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னாள்.

வனஜா கையிலிருந்த கரண்டியை வீசினாள். சுவரில்தான் பட்டது. ஆனாலும் அத்தோடு கேஸ் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் குரலை உயர்த்தினால் வியாதி முற்றிவிட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தால் உள்ளுக்குள் என்னமோ ஓடுகிறது. ஒரு பொம்பளை கோபப்படக்கூட வழியில்லாமல் அடைத்துவிட்டார்கள் பாவிகள். இரண்டு பேருமாகப் பேசி, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தார்கள்.

பழைய டாக்டரிடம் போகவில்லை. போனால் மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாரே. அம்பத்தூரில் வேறொரு நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் அவளை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தலைக்குள் பொறி பறந்தது.

அங்கிருந்த டாக்டர் பரந்தாமனைத்தான் கேட்டார். பரந்தாமன்தான் பதில் சொன்னான். வனஜா ரிப்பேருக்கு வந்த மிக்ஸி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்றார், பழைய டாக்டரின் சீட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஒருவேளைகூட தவறுனதில்ல சார். நானே கையில குடுப்பேன். அப்பவும் இப்டி கீது."

பயத்தில் சொன்ன பொய்யா, வெட்கத்தில் சொன்ன பொய்யா என்றெல்லாம் ஆராய வனஜாவுக்கு மனமில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே போனார். தூக்கமில்லை, வியர்வை, அழுகை. கோபம் எப்படி என்று கேட்டார். "அதக் கேக்காதீங்க சார், கரண்டியால அடிக்க வந்தா," என்றாள் புஷ்பா. அதையும் எழுதினார். மாத்திரைக்கு மசியவில்லை என்றால் அட்மிட் பண்ணிக் கரன்ட் வைத்துப் பார்க்கலாம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். புஷ்பா தம்பியின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

மேஜையைக் கவிழ்த்துப்போட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது வனஜாவுக்கு. கத்தினால் இவர்கள் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும் என்பதும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று விசாரிக்கிற குரலில் பேசினாள்.

"சார், நான் மாத்திரைய நிறுத்தி மூணு வாரம் ஆவுது. இவருதான் குப்பைல போட்டாரு. நானும் சும்மா இருந்துட்டேன். அதுக்கு முன்னால வாந்தியில்ல, வேர்வையில்ல, ஷாக்கும் இல்ல. ஷாக்குன்னா, கரன்ட் வெக்கச் சொல்லி நான் கேக்கல. கண்ணத் திருப்புனா தலைக்குள்ள சுரீர்னுது. அதத்தான் சொன்னேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "நிஜமாய்யா?"

பரந்தாமன் மின்விசிறியைப் பார்த்தான்.

"இவ இப்டித்தான் சார், மாத்தி மாத்தி..." என்று புஷ்பா ஆரம்பித்தாள்.

"நான் அவரைக் கேட்டேன்மா."

பரந்தாமனின் தலை கவிழ்ந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இந்த மாத்திரையைப் படக்கென்று நிறுத்தினால் இதெல்லாம் வரும், மறுபடி ஆரம்பித்து, நிறுத்துகிற காலம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்று டாக்டர் அவனைக் காய்ச்சி எடுத்தார். பிறகு முதன்முறையாக வனஜாவின் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்கம்மா. வாந்தி, ஷாக், அழுகை, கோபம், எல்லாம் போயிடும்."

"மத்ததெல்லாம் போவட்டும் சார். கோவத்த மட்டும் அந்தப் பேப்பர்லேர்ந்து அடிச்சிடுங்க," என்றாள் வனஜா. "கரண்டி வீசுனது வேணா மாத்திரை நிறுத்துனதால இருக்கலாம். இப்ப கீறது என் கோவம். இந்த ஆளால வந்தது. அது போவாது."

டாக்டர் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். பிறகு மருந்துச் சீட்டை எழுதிக் கிழித்து நீட்டினார். பழக்கதோஷத்தில் பரந்தாமன் கையை நீட்டினான். வனஜா எழுந்து, அந்தக் கையைத் தட்டிவிட்டு, சீட்டைத் தானே வாங்கிக்கொண்டாள்.