மூன்று ஸ்பிரிங்குகள்

வாஷர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவருடைய பட்டறையைக் காட்டுவார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்திலும் வாக்காளர் பட்டியலிலும் சுகமாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் பழுது பார்த்து வந்த அவர், வாஷர் இல்லாமல் ஒரு நட்டையும் முடுக்கியதில்லை. நடக்கும்போதும் அவர் பார்வை தரையில்தான் இருக்கும். வழியில் கிடக்கும் வாஷரைக் குனிந்து எடுத்து, துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கழற்றிய பாகங்களைச் செய்தித்தாளின்மேல், கழற்றிய வரிசையிலேயே, இடமிருந்து வலமாக வைப்பார். அந்தத் தாளை ஒருவரும் தாண்டுதல் ஆகாது.

"அண்ணே, உங்க பேப்பரைத் தாண்டாம உள்ளே வரணும்னா நான் கூரை வழியாத்தான் இறங்கணும்" என்று அடுத்த கடை வெல்டர் கேலி செய்வார். வாஷர் அதற்கும் மறுமொழி சொல்லமாட்டார். அவர் மிகுதியாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் ஒன்று இருந்தது. அக்காரணத்தை அறிந்தவர் இருவர். அவர்களுள் ஒருவர் இறந்து முப்பத்தோராண்டு ஆகிவிட்டது, மற்றவர் அவரே.

ஒரு ஞாயிறு காலையில் அவருடைய அண்ணன் மகள் வந்து, வாடிக்கையாளர் அமரும் பலகையில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதாகியும் குடும்பத்தில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர்.

"சித்தப்பா, அம்மாவை என்கூடவே கூட்டிட்டுப் போகப்போறேன். வீட்டைக் காலி பண்றோம். பின்கட்டுல இருக்கற அப்பா வண்டியை என்ன செய்யறது?"

"பழைய இரும்புக் கடையில சொல்லிடலாம்மா."

"நல்லா இருக்கே நியாயம்! ஊரார் வண்டிக்கெல்லாம் உசிரு குடுக்கறீங்க, சொந்த அண்ணன் வண்டின்னா இரும்புக் கடையா? அப்பா முகமே எனக்குப் போட்டோவுலதான் தெரியும். அவர் ஓட்டின வண்டியை நான் ஒரு தடவையாவது ஓட்டணும். மாசக் கடைசிக்குள்ள முடிச்சுக் குடுங்க."

"முப்பத்தோரு வருஷம் சும்மா கிடந்த வண்டிம்மா."

"உங்க மாப்பிள்ளையும் ஞாயித்துக்கிழமையானா அப்படித்தான் கிடக்கறாரு. நான் எழுப்பலையா?"

வாஷரால் மறுக்க இயலவில்லை. அவள் பேச்சில் தோற்றதனால் அன்று. அவளுக்கு அந்த ஒன்றைக்கூட மறுக்கும் உரிமை தமக்கு இல்லையென்று அவர் எண்ணியதனால்.

மறுநாள் அண்ணி வீட்டுப் பின்கட்டைத் திறந்தார். தார்ப்பாயை இழுத்தபோது எழுந்த தூசி அடங்குவதற்கே சற்று நேரம் ஆயிற்று. முன்பகுதி ஏறக்குறைய முழுமையாக இருந்தது. பின் மட்கார்டு மட்டும் மடங்கி, பின்சக்கரம் கோணலாகியிருந்தது. லாரி மோதிய இடம் அது.

வாஷரின் பட்டறையை அப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினர். லாரி மோதிய அந்த ஆண்டு அண்ணன் செய்த வேலைகளில் அடுத்தடுத்துக் குறை வந்தது. மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. ஒன்றில் பின்சக்கரத்து நட்டே தளர்ந்திருந்தது. வாடிக்கையாளர் விழாமல் தப்பியது பெரிய காரியம். அன்று பட்டறையில் வேறு எவரும் இல்லாத வேளையில், முப்பது வயதுத் தம்பி அண்ணனை நோக்கி, "உங்களால ஒரு நட்டைக்கூட ஒழுங்கா முடுக்க முடியலை. இனிமே ஸ்பானரைத் தொடாதீங்க. உட்கார்ந்து பில் எழுதுங்க, அது போதும்" என்று சொல்லி, பில் புத்தகம் ஒன்றை அவர் மடியில் எறிந்தான். அண்ணன் கோபிக்கவில்லை. "சரிப்பா" என்றார். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் பட்டறைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், பெருஞ்சாலையில் ஏறும் மேட்டில், நல்ல வெயிலில், ஈரமில்லாத சாலையில், லாரி மோதி அண்ணன் இறந்தார். லாரி ஓட்டுநர் காவல் நிலையத்தில் அழுதுகொண்டே சொன்னதை வாஷர் தம் காதால் கேட்டார். "நடு ரோட்டுல நின்னுட்டாரு சார். நான் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாரு. நகரவே இல்லை."

அண்ணன் வேண்டுமென்றே நின்றுவிட்டார் என்றும், நிற்க வைத்தது தம் சொல்லே என்றும் வாஷர் அன்றே முடிவு செய்துகொண்டார். அதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. காவலர் திருப்பித் தந்த வண்டியைப் பின்கட்டில் நிறுத்தித் தார்ப்பாயால் மூடினார். பிறகு அதனை ஒருவரும் தொடவில்லை.

இப்போது அதனைப் பட்டறைக்குத் தள்ளிவந்து, வழக்கம்போல் தாளை விரித்தார். டயர் இரண்டும் வெடித்திருந்தன. டேங்கின் அடியில் பெட்ரோல் கோந்துபோல் உறைந்திருந்தது. கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் இட்டுக் குலுக்கியபோது துரு செந்நீராக வந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பிஸ்டன் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி, அத்துளையில் எண்ணெய் ஊற்றி, நான்கு நாள் காத்திருந்தார்.

"அண்ணே, தினமும் காலையில வந்து எண்ணெய் ஊத்திட்டு உத்துப் பார்த்துட்டுப் போறீங்க. முளைக்கவா போகுது?" என்றார் வெல்டர்.

ஐந்தாம் நாள் பிஸ்டன் நகர்ந்தது. கார்பரேட்டரைக் கழுவி, பாயின்டைத் தேய்த்து, வெல்டர் நிமிர்த்திக் கொடுத்த மட்கார்டையும் வேறொரு சக்கரத்தையும் புது டயர்களையும் மாட்டியபின், பதினோராம் நாள் பிற்பகலில் கிக்கரை உதைத்தார். உதைக்கும்போது கால் சற்றே வழுக்கியது. அதனைத் தம் முதுமையின் குற்றமாகக் கொண்டார். ஏழாம் உதையில் வண்டி இருமியது. ஒன்பதாவதில் புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெற்றது. வெல்டர் முகமூடியோடு ஓடிவந்து கைதட்டினார். வாஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை நல்ல சாக்காக இருந்தது.

தெருவில் ஓட்டிப் பார்த்தார். சமதரையில் வண்டி போயிற்று. தெருமுனையில் ஒரு சிறு மேடு. அங்கே ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினும் எஞ்சின் கத்தியதேயன்றிச் சக்கரம் நகரவில்லை. கிளட்ச் நழுவுகிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு திரும்பி, கிளட்ச் மூடியைக் கழற்றினார். மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெய் ஒழுகாதிருக்க ஒட்டியிருந்த அட்டைப் பேக்கிங்கைக் கிழியாமல் உரித்து, தாளில் அதன் இடத்தில் வைத்தார். உள்ளே பார்த்தவர் விரலால் தொட்டு எண்ணினார்.

ஆறு ஸ்பிரிங்குகள் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றே இருந்தன. ஒன்று விட்டு ஒன்றாக, கணக்காகக் கழற்றப்பட்டிருந்தன.

"எந்த அரைகுறை செஞ்ச வேலை இது?" என்றார் வாஷர்.

"உங்க அண்ணன் வண்டியில அவரைத் தவிர வேற யாரு தைரியமா ஸ்பானர் வச்சிருப்பாங்க?" என்றார் வெல்டர்.

அந்நேரத்தில் அண்ணி பிளாஸ்க்கில் தேநீரோடு வந்தார். எஞ்சின் ஓசை வீடுவரை கேட்டதாம். வண்டியையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். வெல்டர் தம் கடைக்கு நழுவினார்.

"என்ன தம்பி, மறுபடியும் பிரிச்சுப் போட்டுட்டீங்க?"

"கிளட்சுல பாதி ஸ்பிரிங்கை அண்ணன் கழட்டி வச்சிருக்காரு அண்ணி. இப்படி வச்சா இடது கை லிவர் ரொம்ப லேசாயிடும், ரெண்டு விரல் போதும், மேட்டுல மட்டும் நழுவும். ஆனா எதுக்கு இப்படிச் செஞ்சாருன்னுதான் புரியலை."

அண்ணி பலகையில் அமர்ந்தார். பிளாஸ்க்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

"லேசா இருக்கணும்னுதான் கழட்டியிருப்பாரு. அவருக்கு இடது கை போயிட்டே இருந்துச்சு தம்பி. எட்டு மாசமா. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். வெளியூர் ஆஸ்பத்திரியில காட்டினோம். நரம்பு வியாதி, கூடிக்கிட்டேதான் போகும்னு சொல்லிட்டாங்க. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'தம்பிக்குத் தெரிஞ்சா என்னை உட்கார வச்சுட்டு எல்லாத்தையும் அவனே இழுத்துப் போட்டுக்குவான்'னாரு."

வாஷர் கையிலிருந்த ஸ்பானரைத் தாளில் வைத்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். வீட்டை விட்டுப் போறேன், இனி எப்போ சொல்றது? அந்த வாரம் நான்தான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'இந்தக் கையை வச்சுக்கிட்டு எதுக்கு வண்டி, பாப்பாவை நினைச்சுப் பாருங்க, வித்துத் தொலைங்க'ன்னு. வாயைத் திறக்கலை. அப்புறம் அந்த லாரிக்காரன் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க? திரும்பிப் பார்த்தும் நகரலையாம். நான் சொன்னது தாங்காமத்தான் எங்களை விட்டுட்டுப் போயிட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கேன். யாரு பதில் சொல்லுவா? டீ ஆறிடப் போகுது, குடிங்க."

அண்ணி போனபின்பு தேநீர் ஆறித்தான் போயிற்று. திரும்பி வந்த அந்த மூன்று வண்டிகளையும், தளர்ந்திருந்த நட்டையும் அவர் இப்போது வேறொரு கண்ணால் பார்த்தார். எட்டு மாதம் ஒரே பட்டறையில், நான்கடி தொலைவில் நின்று வேலை செய்திருக்கிறார். மாந்தரைப் பாராமல் நட்டைப் பார்த்திருக்கிறார்.

மேட்டில் வண்டி ஏன் நின்றது என்பதும் அவருக்கு ஒருவாறு தெரிந்தது. ஆயினும் ஓர் ஐயம் இருந்தது. ஸ்பிரிங்குகள் பல மாதம் முன்பே கழற்றப்பட்டிருந்தால், அவ்வண்டி மேடேறாது என்பதனை அண்ணன் நன்கு அறிந்திருப்பார். அறிந்தும் அந்த மேட்டுக்குப் போனார் என்றாகும். எப்போது கழற்றினார்?

மூடியை மறுபடி மாட்டுமுன் புதிய பேக்கிங் வெட்டவேண்டும். அளவுக்காகப் பழையதைத் தாளிலிருந்து எடுத்தார். கடையில் வாங்கியதன்று அது, கையால் வெட்டியது. அவசரத்திற்கு எந்த அட்டை கிடைக்கிறதோ அதில் வெட்டிக்கொள்வது பட்டறை வழக்கம். எண்ணெயைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீல நிறம். ஒரு வளைவில் அவர்களுடைய பட்டறைப் பெயரின் பாதி எழுத்துகள் தெரிந்தன.

பில் புத்தகங்களுக்கு அச்சகத்தார் எப்போதும் பழுப்பு அட்டைதான் போடுவார்கள். ஒரே ஒரு முறை, அட்டை தீர்ந்துவிட்டதென்று நீலம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகக் கட்டை வாஷர் அச்சகத்திலிருந்து வாங்கிவந்தது, அண்ணனைக் கடிந்த அன்று காலையில்தான். அதில் முதல் புத்தகத்தை உருவி அண்ணன் மடியில் எறிந்ததும் அன்றுதான். எஞ்சியவற்றை அவர் பிரிக்கவே இல்லை.

ஆகவே, தம்பி எறிந்த புத்தகத்தின் அட்டையைத்தான் அண்ணன் அந்த இரண்டு நாளில் வெட்டியிருக்கிறார். மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைக் கழற்றியதும் அப்போதுதான். வெட்டிய விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. போல்ட்டுத் துளைகளில் இரண்டு தவறி, மறுபடி இடப்பட்டிருந்தன. ஒரு கையால் அட்டையை அழுத்திப் பிடிக்கமுடியாத ஒருவர், முழங்காலாலோ முழங்கையாலோ அமுக்கிக்கொண்டு பொறுமையாக வெட்டிய வேலை. சாக விரும்பியவர் எண்ணெய் ஒழுகாதிருக்கப் பேக்கிங் வெட்டமாட்டார். அவருக்கு வண்டி ஓட்டவேண்டியிருந்தது. இன்னும் முடியும் என்று காட்டவேண்டியிருந்தது. எந்த மேட்டில் எவ்வளவு நழுவும் என்று பழகுவதற்குள் லாரி வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தவர் நகர மறுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

வாஷர் வெகுநேரம் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்மை விட்டுப் போகவில்லை என்பதில் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதல் நிலைக்குமுன்பே, ஸ்பிரிங்கைக் கழற்ற வைத்தவர் யார் என்ற கேள்வி வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் ஆறு புது ஸ்பிரிங்குகள் வாங்கிவந்து மாட்டினார். வண்டி மேட்டில் முனகாமல் ஏறியது. அண்ணியிடம் என்ன சொல்வது என்று ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணினார். கிளட்ச் நழுவியது, அது விபத்துதான் என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யன்று. ஆனால் அந்த வாரம் பார்த்து எதற்காகக் கழற்றினார் என்ற கேள்வி அண்ணிக்கு எழும். விடையையும் அவரே சொல்லிக்கொள்வார்: வண்டியை விற்கச் சொன்னேனே, அதனால். அந்தப் பழியைத் துணிமணியோடு கட்டி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவார். நீல அட்டை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னாலொழிய அது அவரை விடாது. சொன்னால், முப்பத்தோராண்டாகத் தம்பி என்று அழைத்துத் தேநீர் கொண்டுவந்தவர் இனி எப்படி அழைப்பாரோ தெரியாது. பாப்பா என்ன சொல்வாளோ, அதுவும் தெரியாது.

வண்டியை நிறுத்திக் கையைக் கழுவினார்.

"முடிஞ்சுதா அண்ணே? பாப்பாவுக்குப் போன் போடட்டுமா, வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் வெல்டர்.

"நாளைக்குப் போடலாம்பா. இப்போ அண்ணி வீட்டுக்குப் போறேன்."

"வண்டி ரெடின்னு சொல்லவா?"

"இல்லை. கடைசியா அண்ணன்கிட்டே நான் என்ன பேசினேன்னு அண்ணிக்குத் தெரியாது. அதைச் சொல்லப் போறேன்."