கண்ண மூடாதளா

“கேம்ல இருக்குத சக்தில ஒண்ணே ஒண்ண நெசத்துல தாரோம்னா, நீ எதளா கேப்ப?” என்று அஃப்ஷா ஒருமுறை கேட்டாள்.

கேட்டது நேரில் அல்ல. சபுரா தாராவியில், வாப்பாவின் தோல்பைப் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறையில், மூலையில் குளிக்க ஒதுக்கிய மோரியின் மறைப்புத் துணிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அஃப்ஷா நாலு சந்து தள்ளி அவள் வீட்டுப் படிக்கட்டில். இருவருடைய உருவங்களும் ஃபோனுக்குள், துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் பயிற்சி மைதானத்தின் ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றன. அங்கே யாரும் சுட வருவதில்லை. சபுராவின் அண்ணன் ஜீஷான் சாப்பிட்டு முடித்ததும் தங்கையின் ஃபோனை வாங்கி, யாரோடு பேசினாள், என்ன அனுப்பினாள் என்று தள்ளித் தள்ளிப் பார்ப்பான். விளையாட்டுக்குள் பேசிய பேச்சு எதிலும் பதியாது. அதனால் தோழிகள் சந்திக்கும் இடம் அந்தத் தொட்டியடிதான்.

“எனக்கு மறையுத சக்தி,” என்று அஃப்ஷாவே முந்திக்கொண்டாள். “ஒரு பய கண்ணுலயும் படாம மாட்டுங்கா காலேஜுக்குப் போயிட்டு வருவேன். இல்லன்னா பறக்குதது. ட்ரெயின்ல லேடீஸ் டப்பால இடிபட வேண்டாம் பாரு. நீ சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?”

சபுரா அப்படித்தான். ஆள் முன்னால் நின்றால் பேச்சு வராது. ரேஷன் கடையில்கூட விரலைக் காட்டித்தான் கேட்பாள். காதில் ஹெட்ஃபோன் ஏறி, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்தால் மட்டும் அவளுக்குள்ளிருந்து வேறொருத்தி பேசுவாள்.

“விழுந்தவங்கள தூக்கி விடுதது,” என்றாள்.

அந்த விளையாட்டில் குண்டு பட்டவன் உடனே சாவதில்லை. தவழ்ந்துகொண்டு கிடப்பான். கூட்டாளி ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டால் திரையில் ஒரு வட்டம் மெல்ல நிறையும்; நிறைந்ததும் எழுந்துவிடுவான்.

“அட போளா! அது ஒரு சக்தியா? அது எல்லார்ட்டயும்தான் இருக்கு.”

“கேம்ல இருக்கு. இங்க யார்ட்ட இருக்கு?”

அஃப்ஷாவுக்குப் புரிந்தது. அவளிடம் மட்டும்தான் சபுரா அதைச் சொல்லியிருந்தாள். எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் உம்மா நஜ்முன்னிசா, சோறு வடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்தாள். வாப்பா கீழேயிருந்து ஏறி வரும்வரை சபுரா உம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “கண்ண மூடாத, நான் வந்துட்டேன், கண்ண மூடாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உம்மா பிழைத்தாள். இடது பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. சபுராவும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

அதன்பிறகு விளையாட்டில் அஃப்ஷா விழுந்தாலும் சபுராவின் வாயில் அதுதான் வரும்: “கண்ண மூடாதளா, வந்துட்டேன்!”

மழைக்காலம் தொடங்கும்போது அஃப்ஷா ஒரு சேதி கொண்டுவந்தாள். “ஏளா, நம்ம கேம் இனிமே தமிழ்லயும் பேசப் போவுதாம். செம்பூர்ல ஒரு ஸ்டூடியோவுல பொண்ணு குரல் தேடுதாவ. காலேஜ் குரூப்ல வந்துச்சு. இந்தில வசனம் தருவாவளாம், அத நம்ம பாட்டுக்கு நம்ம தமிழ்ல சொல்லணும். உன் தொண்டைக்கே செஞ்ச வேலைளா!”

சபுரா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூடிய அறை, ஒரு மைக், முகம் பார்க்க ஆளில்லை. குரல் மட்டும் போதும் என்று உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது! இதைத் தவிர வேறெதையும் அவள் அல்லாவிடம் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

அஃப்ஷா தன் ஃபோனோடு சபுராவின் வீட்டுக்கு வந்தாள். இருவரும் போர்வைக்குள் புகுந்து பதிவு செய்தார்கள். இந்தியில் இருந்த விறைப்பான வசனங்களை சபுரா உடைத்து உடைத்துப் பேசினாள். “பொறத்தால பாரு, பொறத்தால பாரு!” “ஏளா, விழுந்துட்டேன், தூக்கி விடு!” கடைசியில், யாரும் கேட்காமலே, அந்த உம்மா வசனத்தையும் சொன்னாள்.

“பேரும் நம்பரும் என்னுது குடுக்கேன்,” என்றாள் அஃப்ஷா. “ஜீஷான் காக்கா கையில ஃபோன் இருக்கும்போது அவங்க கூப்புட்டா உன் கத கந்தல்.”

அதுவும் சரிதான் என்று சபுராவுக்குப் பட்டது.

பிறகு கொஞ்ச நாள் தொட்டியடியில் அஃப்ஷாவுக்கு வேறு பேச்சே இல்லை. “அந்தத் தூக்கி விடுத வசனத்த இன்னொரு மட்டம் சொல்லேன். ‘வந்துட்டேன்’ல ஒரு இழுப்பு இழுப்பியே, அது எப்படிளா?” சபுரா சொல்வாள். அஃப்ஷா சொல்லிப் பார்த்துச் சிரிப்பாள். தன்னைப் பாராட்டுகிறாள் என்று சபுரா வெட்கப்பட்டுக்கொண்டாள்.

ஒருநாள் அஃப்ஷா, “தாணேல உள்ள ஒரு பொண்ண எடுத்துட்டாவளாம்,” என்றாள். “நம்ம பேச்சு ரொம்பப் பட்டிக்காடா இருக்காம்ளா. விட்டுத்தள்ளு.”

சபுரா விட்டுத்தள்ளினாள். ஆனால் விளையாடும்போது வாயைத் திறப்பது நின்றுபோனது.

மழை ஓய்ந்தபோது விளையாட்டுக்குத் தமிழ் வந்தது. “அத மட்டும் டவுன்லோட் பண்ணாத. ஃபுல் பக்வாஸ், ஒண்ணுக்கும் ஒதவாது. உன் ஓட்ட ஃபோன் ஹேங் ஆயிரும்,” என்று அஃப்ஷா அவசரமாகச் சொன்னாள். தாணேக்காரி எப்படித்தான் பேசியிருக்கிறாள் என்று பார்க்கும் ஆசை சபுராவை விடவில்லை. இறக்கினாள். முதல் ஆட்டத்திலேயே அவள் உருவம் குண்டு பட்டு விழுந்தது.

“ஏளா, விழுந்துட்டேன், தூக்கி விடு!”

குரல் அஃப்ஷாவுடையது. வார்த்தை சபுராவுடையது. மூச்சு விடும் இடம்கூட அவள் விட்ட இடம். தவழ்ந்துகொண்டிருந்த உருவத்தை யாரோ சுட்டு முடிக்கும்வரை சபுரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டிக்காட்டுப் பேச்சுதான். ஒரு எழுத்து மாறவில்லை.

மறுநாள் மதியம் வாப்பாவும் ஜீஷானும் கீழே பட்டறையில் இருந்தார்கள். பாயில் உம்மா கண்ணயர்ந்திருந்தாள். சபுரா ஒன்றும் கேட்காமல் அஃப்ஷாவோடு ஆட்டத்தில் இறங்கினாள். பாதியில் அஃப்ஷா விழுந்தாள்.

“சபூ, சீக்கிரம் வாளா! பாலத்துக்குக் கீழ கெடக்கேன்.”

அதே நொடியில் சபுராவின் ஃபோனுக்குள்ளிருந்து அதே குரல், “ஏளா, விழுந்துட்டேன், தூக்கி விடு!” என்றது. ஒரே காதுக்குள் இரண்டு அஃப்ஷா.

சபுரா ஓடிப்போய் மண்டியிட்டாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்து சத்தத்தை முழுதாக ஏற்றினாள். அஃப்ஷாவுக்கும் கேட்கட்டும். வட்டம் நிறையத் தொடங்கியது. ஃபோன் அறை முழுக்க உரக்கச் சொன்னது:

“கண்ண மூடாதளா, வந்துட்டேன்!”

அந்த இழுப்பும் அப்படியே.

பாயில் உம்மா திடுக்கிட்டு விழித்தாள். கோணிய வாயால், பதறிப்போய், “மூடலம்மா... முழிச்சுட்டுதான் இருக்கேன்,” என்றாள்.

மறுமுனையில் அது கேட்டிருக்க வேண்டும். அஃப்ஷாவின் மூச்சு நின்று வந்தது.

“நல்லா சொல்லிருக்களா,” என்றாள் சபுரா. “எங்க உம்மாவே நாந்தான்னு நெனச்சுட்டாவ.”

சபுரா பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. வட்டம் முழுதாக நிறைந்தது. அஃப்ஷாவின் உருவம் எழுந்து, அவளுக்கு நேர் எதிரே ஒரு கணம் நின்றது. பிறகு பாலத்தடியில் சபுரா மட்டும் இருந்தாள்; திரையின் ஓரத்தில் அஃப்ஷாவின் பெயர் சாம்பல் நிறமாகி அணைந்தது.