கண்ணாடி ராணியின் பருத்திச் சேலை

"இப்ப என்ன பண்றான்?" என்று சபாபதி கேட்டான்.

சந்திரகலா மடியில் விரித்திருந்த சித்திரக்கதைப் புத்தகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். ஒரு கோபுரத்தின் உச்சியில் புயல்வேலன் நின்றிருந்தான். முகமூடி, இடுப்பில் அகலமான பட்டை, முதுகுக்குப் பின்னால் பறக்கும் நீண்ட மேலங்கி. தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் குமிழி, அது நிறையத் தமிழ் எழுத்து. அவள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். அவையும் அவளைப் பார்த்தன. இரண்டு தரப்புக்கும் அறிமுகம் இல்லை.

"மழையில நல்லா நனைஞ்சிட்டான்," என்றாள். "மேலங்கிய எங்க காயப்போடுறதுன்னு யோசிச்சிக்கிட்டு நிக்கிறான்."

கண்களை மூடிச் சுற்றியிருந்த கட்டுக்குக் கீழே சபாபதியின் வாய் மெல்ல விரிந்தது. "இத்தனை வருசத்துல அவன் துணி காயப்போட்டு நான் பார்த்ததே இல்லை. சரி, மேல படி."

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சுண்ணாம்பு மூட்டை ஒன்று அவன் முகத்துக்கு நேரே கிழிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவி, மருந்து போட்டு, இரண்டு கண்ணையும் கட்டி, பண்டமாரானிலிருந்த பலகை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை கட்டைப் பிரிப்பார்கள். பிரித்த பிறகு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று கேட்டதற்கு டாக்டர் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலமே சபாபதி கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, புதிதாக வந்திருந்த புத்தகத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினான். அவனுக்கு அந்த நிலைமையிலும் புயல்வேலன் கதைதான் முக்கியம்.

கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. புயல்வேலன் விஷயத்தில் தன் புருஷனுக்குக் கொஞ்சம் பித்து என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மெட்ராசிலிருந்து கப்பலில் வந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் தொங்கும் அந்த மாதப் புத்தகத்தை வாங்க, ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் போவான். வாங்கியதை நெய் டின் வந்த அட்டைப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, பூச்சி உருண்டை போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பான். அவனைப் போலவே பித்துப் பிடித்த இன்னும் இரண்டு பேர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, ஏதோ சொத்துத் தகராறு போல அதைப் பற்றி வாதாடிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் குடியும் சீட்டும் இல்லாத மனுசனுக்கு இப்படி ஒரு பித்து இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட நினைத்தாள்.

ஆனால் அதே முதல் வாரத்தில் அவன் வேறொன்றும் சொல்லியிருந்தான். ரவாங்கில் அவள் வீட்டு விருந்துக்குப் போய்த் திரும்பிய பஸ்சில், அவளுடைய சித்தப்பா பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சிரித்தான். "தமிழனாப் பொறந்து தமிழ் எழுத்துத் தெரியாம எப்படித்தான் வெளியில தலைகாட்டுறாங்களோ!" என்றான். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், மன்றத்தில் மேடையேறிப் பேசியவன், அவனுக்கு அது சாதாரணப் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதிய அவள் அப்பா, பிள்ளைகள் இங்கிலீஷ் படித்தால்தான் முன்னுக்கு வருவார்கள் என்று அவளைக் கன்னிமார் நடத்திய கான்வென்ட் பள்ளியில் போட்டவர். தமிழை அவள் வாயால் பேசினாள், காதால் கேட்டாள். கண்ணால் மட்டும் அறியாள். அதன் பிறகு தினமும் காலையில் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்துப் படங்களை நிதானமாகப் பார்த்து மடித்து வைத்தாள். "என்ன செய்தி?" என்று கேட்டால், "அதே கதைதான்" என்பாள். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஆகவே படிக்கத் தெரியாது என்று சொல்லவேண்டிய இடத்தில், மழையில் நனைந்தான் என்று சொல்லிவிட்டாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த வழி தெரியவில்லை.

சாயங்காலத்துக்குச் சில பக்கம் என்று கதை நகர்ந்தது. முதலில் பயந்து பயந்து, படத்தில் இருப்பதை மட்டும் சொன்னாள். பிறகு பயம் விட்டுப்போயிற்று. இதில் வில்லி ஒருத்தி இருந்தாள். பெயர் கண்ணாடி ராணி என்று சபாபதிதான் சொன்னான், பழைய புத்தகங்களிலும் வருவாளாம். கழுத்திலிருந்து கால்வரை சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் தைத்த அங்கி. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அதில் தங்கள் முகத்தையே பார்த்து மயங்கி நின்றார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. இதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தபோது சந்திரகலாவுக்கு அந்த வில்லிமேல் இரக்கம் வந்தது. பாவம், எவ்வளவு கனமாக இருக்கும் அந்த அங்கி, உட்காரக்கூட முடியாதே என்று நினைத்தாள். ராணி பாங்கைக் கொள்ளையடித்த படத்தை, யாராவது தன்னைத் துரத்தி வரட்டும் என்று அவள் கதவை உடைத்ததாகச் சொன்னாள். இரண்டு பேரும் கூரைகள்மேல் ஓடிச் சண்டையிட்ட பக்கங்களில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தது, ஓட்டின்மேல் அவர்கள் கால் பட்ட வீட்டிலெல்லாம் ஒரே கனவு வந்தது என்றாள்.

"மேலங்கி என்ன நிறம்?" என்று சபாபதி ஒருநாள் கேட்டான்.

புத்தகத்தில் அட்டை மட்டும்தான் வண்ணம், உள்ளே எல்லாம் கறுப்பும் சாம்பலும். "கத்திரிப்பூ நிறம்," என்றாள் யோசிக்காமல். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு வானத்துக்கும் சுவருக்கும் வில்லியின் உதட்டுக்கும் அவளே நிறம் கொடுத்தாள். சாயங்காலம் எப்போது வரும் என்று அவளும் காத்திருக்கத் தொடங்கினாள். உலையில் அரிசி கொதிக்கும்போது அடுத்த பக்கத்தில் ராணி என்ன செய்வாள் என்ற யோசனைதான் ஓடியது. இவ்வளவு நாளில் புருஷனோடு இத்தனை பேச்சு பேசியதே இல்லை என்பது அவளுக்குச் சந்தோஷமாகவும் திருட்டுத்தனமாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ராணி ஒரு பாலத்திலிருந்து விழுந்தாள். சுற்றிலும் கண்ணாடிகள் சிதறியிருந்தன. சந்திரகலா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவ அந்த அங்கியக் கழட்டி ஆத்துல போட்டுட்டா," என்றாள். "உள்ள சாதாரண பருத்திச் சேலைதான் கட்டியிருக்கா. இறங்கி பாசாருக்குள்ள சந்தைக் கூட்டத்தோட நடந்து போறா. புயல்வேலன் எதிர்லதான் வர்றான். அவனுக்கு அடையாளம் தெரியல."

சபாபதி பெருமூச்சு விட்டான். "இதுவரைக்கும் வந்ததிலேயே இதான் நல்ல கதை," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டாளிகள் வந்தார்கள். கார்த்திகேசு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரன், கணக்குப் பிரிவில் வேலை, சித்திரக்கதை பேசவும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருகிறவன். வீரம்மா இரண்டு தெரு தள்ளி இருப்பவள், கிள்ளானில் உடுப்புத் தைக்கும் ஃபேக்டரியில் நாளெல்லாம் ஜிப் வைக்கிற வேலை. ஆறுதல் சொல்லும் வேலையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்கள்.

"அந்தப் புயல்வேலன் சட்டைக்கு பட்டன் இல்ல, ஜிப் இல்ல, தையலே இல்ல," என்றாள் வீரம்மா. "எப்படிப் போடுறான் சொல்லு. நான் கேக்குறேன்ல?"

"அது ஸ்பெஷல் துணி அக்கா. லேப்ல செஞ்சது. இழுத்தா நீளும்," என்றான் கார்த்திகேசு.

"இழுத்தா நீளும்னா முட்டியில தொங்கும் லா! இந்த ஹீரோ எல்லாம் பனியனும் ஜட்டியுமா சுத்துறானுங்க. வில்லனுங்களுக்குத்தான் நல்ல டெய்லர். கண்ணாடி ராணியப் பாரு, ஒவ்வொரு துண்டும் கையால தைச்சது. அவ்வளவு வேலை செஞ்ச உடுப்போட அவளக் கொன்னுட்டாங்களே."

"வில்லின்னா சாகத்தான் வேணும்," என்றான் கார்த்திகேசு.

"எங்க செத்தா?" என்று சபாபதி நிமிர்ந்தான். "அங்கியக் கழட்டிப் போட்டுட்டு பாசாருக்குள்ள போயிட்டாளே. பருத்திச் சேலையில."

கார்த்திகேசு வீரம்மாவைப் பார்த்தான். சமையலறை வாசலில் சந்திரகலா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"சபா, நீ எந்தப் புக்கச் சொல்ற?" கார்த்திகேசு மேசைமேல் கிடந்ததை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். "'கண்ணாடி ராணி ஒழிந்தாள். இனி நகரம் நிம்மதியாக உறங்கும்.' இங்க போட்டிருக்கே. சிஸ்டர் பக்கத்த மாத்திப் படிச்சிருப்பாங்க. நீங்களே பாருங்க சிஸ்டர், கடைசி வரி."

அவன் நல்லவன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் புத்தகத்தை நீட்டினான். சந்திரகலா தட்டை வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். ராணி விழுந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் கறுப்பாக ஒரு வரி. வாய்க்கு வந்த எதையாவது சொல்லலாம் என்று பார்த்தாள், இவ்வளவு நாள் அருவியாகக் கொட்டிய கதையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது," என்றாள்.

அவள் பார்த்தது சபாபதியைத்தான். கோபமா, வெட்கமா, சிரிப்பா என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே வெள்ளைத் துணிதான் இருந்தது.

கார்த்திகேசுவுக்கு முகம் சிவந்துவிட்டது. தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, கே.எல். பஸ்சுக்கு நேரமாகிறது என்று எழுந்தான். வீரம்மாவும் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது சந்திரகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ செத்திருக்க வேணாம்னு எனக்கும் தோணிச்சு," என்றாள். "பாசார்ல அவ என்ன வாங்கினான்னு யோசிச்சு வை. அப்புறம் வந்து கேக்குறேன்."

அவர்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது போல் இருந்தது. வெயில் தணிந்து, பலகை இடுக்குகளில் ஆரஞ்சு வெளிச்சம் கோடுகோடாக விழுந்திருந்தது. எங்கோ துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. சந்திரகலா கதவோரமே நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"எல்லாமே உன்னோடதா?" என்றான் சபாபதி.

"ஆமாங்க."

"துணி காயப்போட்டது?"

"அதுவும்."

"நிறம் நீயா சேக்குறன்னு தெரியும். எனக்கு இருட்டா இருக்குன்னு சேக்குறன்னு நெனச்சேன். கதையையே நீயா கட்டிச் சொன்னன்னு நெனைக்கல." அவன் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கலா."

"பஸ்சுல நீங்க பேசினதக் கேட்டப்புறம் எப்படிங்க சொல்றது?"

அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். நினைவு வந்ததும் தலை தாழ்ந்தது. "அந்த மூட்டை என் வாயிலதான் கிழிஞ்சிருக்கணும்," என்றான்.

"அப்படிச் சொல்லாதீங்க."

"கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லல." பிடியைப் பற்றிய கை இன்னும் இறுகியது. "புதன்கிழமை பிரிக்கும்போது ஒண்ணுமே தெரியலன்னா என்ன பண்றது?"

இத்தனை நாளில் அவன் இதைக் கேட்டதில்லை. சரியாகிவிடும் என்று சொல்லலாம். ஆனால் இன்றைக்கு இதற்குமேல் ஒரு பொய் சொல்ல அவளால் முடியாது. "தெரியலங்க," என்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவன் அதைக் கேட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டில் யாரோ கிணற்றடியில் வாளியை வைத்தார்கள்.

"சரி, இப்ப என்னப் பாரு," என்றான். "இதையும் ஒரு படம்னு வச்சிக்க. என்ன நடக்குதுன்னு சொல்லு."

சந்திரகலா பார்த்தாள். "ஒருத்தர் நாற்காலியில உட்கார்ந்திருக்காரு," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "நீலக் கட்டம் போட்ட கைலி. ரெண்டு நாளா சவரம் பண்ணல. சட்டையில வெளிச்சம் விழுந்திருக்கு, மஞ்சளா. வாய இறுக்கி மூடியிருக்காரு, அழக்கூடாதுன்னு."

"அப்புறம்?"

சபாபதியின் வலது கை பிடியை விட்டு எழுந்து, காற்றில் மெதுவாக நீண்டது. அவள் வழக்கமாக உட்கார்ந்து கதை சொல்லும் நாற்காலியின் பக்கம் அது போயிற்று. அங்கே யாரும் இல்லை. விரல்கள் விரிந்து, வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தன.

"அப்புறம் கைய நீட்டுறாரு," என்று சொல்லிக்கொண்டே, அவள் செருப்பில்லாத கால்களால் சத்தமின்றி அறையைக் கடந்து, அந்தக் கை போகும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.