பாதுவாவின் உயர்ந்த நாற்காலி

புதுச்சத்திரத்தைச் சுற்றியிருந்த பண்ணைகளில் கோழி செத்தால் வாய் திறக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. விடியுமுன் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிட்டு, ஒன்றும் நடவாதவர்போல் சாலைக்கு வந்து நிற்க வேண்டும். கோழியெல்லாம் எப்படி என்று எவர் கேட்டாலும் "நல்லா இருக்குதுங்க" என்பதே விடை. கால்நடை மருத்துவரையும் அழைப்பதில்லை. அவருடைய ஜீப் ஒரு வாசலில் நின்றதென்றால், மறுநாள் முட்டை லாரி அந்த வாசல் பக்கம் திரும்பாது.

வசந்தாமணியும் பன்னிரண்டு நாட்களாக இதற்குக் கட்டுப்பட்டிருந்தாள். அவளும் கணவன் கந்தவேலும் சோளக்காட்டை விட்டுவிட்டு, எழுநூறு கோழிகளை நம்பி இறங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. முதல் நாள் ஒன்று செத்தது, அப்புறம் மூன்று, நேற்று ஒன்பது. வந்திருப்பது வெள்ளைக் கழிச்சல் என்ற கொள்ளைநோய் என்றால் இன்னும் பத்து நாளில் கொட்டகை காலியாகிவிடும். தடுப்பு மருந்து போட்டிருந்தார்கள். ஆனால் அது சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேருமுன் பனிக்கட்டி உருகிப்போன மருந்து.

அன்று காலை அவள் கேட்டாள்: "ஏனுங்க, ஒண்ண அறுத்துப் பாத்தா என்னங்க?"

கந்தவேல் மண்வெட்டியோடு நிமிர்ந்தான். "செத்ததையா? பி.ஏ. படிச்ச புள்ள பேசற பேச்சா இது?"

"பி.ஏ. படிச்சதுனாலதானுங்க கேக்கறேன்."

பண்ணையில் வேலைபார்க்கும் மாரக்காள் கத்தியைக் கல்லில் தீட்டினாள். "உசுரோட எத்தனையோ அறுத்திருக்கறேன். செத்தத அறுத்ததில்லீங்க அம்மிணி. சரி, கொண்டாங்க."

கால்நடைத் துறை கொடுத்த துண்டறிக்கை ஒன்று வீட்டிலிருந்தது. கந்தவேல் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, எட்ட இருந்த தீவன மூட்டைகளின் மேலேறி உட்கார்ந்து வாசித்தான். "'முன்னிரைப்பையின் உட்பரப்பில் செந்நிறப் புள்ளிகள் காணப்படும்.' இருக்குதா மாரக்கா?"

"அது எதுங்க சாமி?"

"அங்கதான்... எங்கியாச்சும் இருக்கும். செவப்பு தெரியுதா?"

"கோழிய அறுத்தா செவப்பாத்தான் தெரியும். பச்சையாவா தெரியும்?"

"அப்ப இருக்குது!" கந்தவேலின் குரல் உடைந்தது. "அவ்வளவுதான் வசந்தா. போச்சு, எல்லாம் போச்சு."

வசந்தாமணி திடுக்கிட்டுக் கணவனை அண்ணாந்து பார்த்தாள். இந்தக் காட்சியை அவள் அறிவாள். மறுமலர்ச்சிக் காலத்து அறிவுத்தேடல் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு இதைத்தான் அவள் பி.ஏ. வரலாற்றுப் பரீட்சையில் எழுதியிருந்தாள். ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து பழைய கிரேக்க மருத்துவரின் ஏட்டை வாசிப்பார். கீழே நின்று பிணத்தை அறுப்பவர் வேறொருவர். ஏட்டில் இருப்பது உடலில் இல்லாவிட்டாலும் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். பாதுவா நகரத்தில் வெசாலியஸ் என்ற இளைஞர் அந்த நாற்காலியை விட்டு இறங்கி வந்து கத்தியைத் தம் கையில் எடுத்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டதை, ஒன்றே என்று கண்ணால் கண்டு சொன்னார். ஏட்டை நம்பாமல் கண்ணால் காணச் சொல்லும் அந்தப் பாடத்தை வசந்தாமணி ஒரு கைடிலிருந்து வரி பிசகாமல் மனப்பாடம் செய்துதான் தேறியிருந்தாள்.

"கத்தியக் குடு மாரக்கா. ஏனுங்க, அந்தத் தாளை மடிச்சு வெச்சுட்டு எறங்கி வாங்க."

அவள் செம்புத் தண்ணீரை ஊற்றி இரத்தத்தைக் கழுவினாள். தொண்டையில் விரலை வைத்து, தீனி இறங்கும் வழியே கீழே போனாள். கழுத்தடித் தீனிப்பையைத் தாண்டியதும் வந்த சிறிய பைதான் தாளில் சொன்ன முன்னிரைப்பை; அதைக் கீறி மறுபடியும் கழுவினாள். வெளுப்பாக, மாசற்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்து, கற்களை வைத்துத் தீனியை அரைக்கும் தடித்த பை. அது உருண்டைக் கல்லைப்போல் இறுகிக் கிடந்தது. கீறிப் பார்த்தால், தீனியும் இல்லை, கல்லும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ நார் திரண்டு பையை அடைத்துக்கொண்டிருந்தது.

மாரக்காள் அதை விரலால் பிடித்து இழுத்தாள். "தேங்கா மஞ்சி அம்மிணி! கவுறே திரிக்கலாமாட்ட இருக்குது."

இரண்டாவது கோழியிலும் அதே மஞ்சி. மூன்றாவதிலும் அதே.

கந்தவேல் தரையில் உட்கார்ந்துவிட்டான். உமி கிடைக்கவில்லையென்று, பரமத்தி வேலூரிலிருந்து மஞ்சியை லாரியில் ஏற்றிவந்து கொட்டகைத் தரையில் பரப்பியவன் அவன்தான். கோழிகள் அதைக் கொத்தித் தின்று, வயிறு நிறையப் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன.

"அப்ப சீக்கில்லையா? கொன்னவன் நாந்தானா?"

"ஆமாங்க, நீங்கதான்."

"அப்பாடா!" என்றான் அவன். மூக்கில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தவன் சிரிக்கத் தொடங்கினான். பழி இப்படி இனிக்குமென்று வசந்தாமணி அன்றுதான் கண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. பொழுது சாய்வதற்குள் மூவருமாக மஞ்சி முழுவதையும் வாரி வெளியே கொட்டினார்கள்.

மறுநாள் காலை செத்தது ஒன்றுதான். முட்டைத் தட்டுகளோடு கணவனும் மனைவியும் சாலைக்கு வந்தபோது லாரி நின்றிருந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். முட்டை வாங்கும் வெங்கடாசலம் வழக்கம்போல் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. அவருடைய நகக்கண்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அந்த மஞ்சி லோடில் பாதியை இறக்கிக்கொண்டவர் அவர்.

கந்தவேல் மனைவியின் பக்கம் சாய்ந்தான். "சாயங்காலம் அவரு ஊட்டுக்குப் போயிக் காதோட சொல்லிக்கலாம் புள்ள."

சாயங்காலத்துக்குள் அவர் எத்தனை குழி வெட்டுவாரோ என்று அவள் நினைத்தாள். நேற்றுத் தங்களைக் காப்பாற்றியது காதோடு சொன்ன எதுவும் இல்லை, கண்ணால் கண்டதுதான்.

"உங்களுது எப்படீங்க?" என்று வெங்கடாசலம் அவர்களிடம் வந்தார்.

வசந்தாமணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்க கொட்டாயில அம்பத்திரண்டு கோழி செத்துப்போச்சுங்க. சீக்கில்லீங்க, கீழ பரப்புன மஞ்சியத் தின்னு செத்துருக்குது; நானே அறுத்துப் பாத்தேன். வெள்ளியங்கிரியண்ணா, இப்பவே ஊட்டுக்குப் போயி, குழியில போட்டத எடுத்து ஒண்ண அறுத்துப் பாருங்க."