இந்தப் புத்தகத்தில் அது இல்லை

வேதத்தில் வரும் குளக்கரைக் கதையை வாசிக்கச் சொல்லி அண்ணன் கேட்ட காலையில்தான் சின்னவளுக்கு வழி திறந்தது. அதுவரை அவள் சும்மா வந்து, சும்மா வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் அண்ணன் மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணின் நடுவில் கறுப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இனிமேல் எந்தக் கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற தங்கை ஒருத்தி இருக்கும்போது இத்தனை வருஷமும் ஊரில் வேறு எல்லாக் கடையிலும் கண்ணாடி போட்ட மனிதர் அவர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவருக்குக் கண் கெட்ட பிறகு தங்கை ஞாபகம் வந்தது.

விடிந்ததும் வேதம் வாசிக்காமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது அவருக்கு. சபையில் அவருக்கு வசனப்பெட்டி என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஒரு வசனத்தை எடுத்துப் போடுவார். குழந்தை தும்மினால்கூட அதற்கொன்று வைத்திருப்பார். அண்ணி வாசித்துப் பார்த்தாள். அவளுக்கு அடுப்பில் ஒரு கண், வாசலில் ஒரு கண். நாலு அதிகாரத்தை நாலு வாயில் விழுங்கிவிட்டு எழுந்து போனாள். போனில் ஒலிவடிவம் போட்டுக் கொடுத்தார்கள். "ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற மாதிரி இருக்கு" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறம்தான் அண்ணி வந்து கண்ணாடிக் கடையில் நின்றாள். "உன் குரல் மாமாவோட குரல் மாதிரியே இருக்குமாம். கூப்பிடச் சொன்னார்" என்றாள்.

மாமா என்று அண்ணி சொன்னது சின்னவளின் அப்பாவை. அந்தப் பெயரை எடுத்ததுதான் தப்பு. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, மூச்சு வாங்க வாங்க, "என் அடக்கத்துல நீதான் வாசிக்கணும்" என்று சின்னவளிடம்தான் சொன்னார். இருபத்தேழாம் சங்கீதம் என்று அதையும் அவரே சொல்லிவைத்தார். பெற்றவர்களே கைவிட்டாலும் கர்த்தர் கைவிடமாட்டார் என்கிற வரி அதில் வருகிறது. கட்டினவனின் கைக்குப் பயந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற ராத்திரி, அப்பா அவளுக்கு வாசித்துக் காட்டியதும் அந்த வரிதான். அடக்கத்தன்று, சவப்பெட்டி திறந்திருக்க, அப்பாவின் வேதப்புத்தகத்தோடு அவள் எழுந்து நின்றாள். முதல் வார்த்தை வருவதற்குள் அண்ணன் வந்து புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "புருஷனை விட்டுட்டு வந்தவ வாசிச்சா சபை என்ன நினைக்கும்? போய் உட்காரு" என்றார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. புத்தகம் அண்ணி கைக்குப் போனது. அண்ணி அன்றைக்கும் அதே குதிரை ஓட்டத்தில்தான் வாசித்தாள். அந்த முக்கியமான வரியில் நாக்குத் தடுக்கி, பாதியை விழுங்கினாள்.

அன்றிலிருந்து சின்னவள் கருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொத்தில் பங்கு வேண்டாம், விருந்துக்கு அழைப்பு வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். 'நான் பிடுங்கினது தப்பு' என்று அண்ணன் தன் வாயால், அதுவும் அண்ணியின் காது கேட்கச் சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஆறப்போட்டு அடிக்க அவள் தயாராக இருந்தாள்.

அடக்கம் முடிந்த கையோடு அவள் செய்த முதல் காரியம், புத்தகக் கடைக்குப் போனது. "தியானத்துக்கா, படிப்புக்கா, பரிசு கொடுக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார். "வீட்டு உபயோகத்துக்கு" என்றாள், மிக்ஸி வாங்குகிறவள் மாதிரி. அவர் மூன்று மொழிபெயர்ப்புகளை எடுத்து வைத்தார். எல்லாரும் முதலில் அன்பைப் பற்றிய அதிகாரத்தைப் புரட்டுவார்கள். இவள் நேராகச் சாபச் சங்கீதத்துக்குப் போனாள். எதிரியின் பிள்ளைகள் அநாதைகளாகட்டும், அவன் வேலையை வேறொருவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று வரிக்கு வரி வயிறெரிகிற அதே பாட்டைத்தான் மூன்றிலும் வைத்துப் பார்த்தாள். பழைய மொழிபெயர்ப்பு கம்பீரம். ஆனால் அதில் எதிரிகள் எல்லாம் ராஜாக்கள் போலப் பேசினார்கள். இன்னொன்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி வழவழவென்றிருந்தது. மூன்றாவது, புதியது. அதில் எதிரி பக்கத்து வீட்டு மனுஷன் போல இருந்தான். கூடவே பிறந்து, கூடவே சாப்பிட்டு, கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறவன் போல இருந்தான். அதையே கட்டித் தரச் சொன்னாள்.

தினமும் கடைக்குக் கிளம்புமுன் அரை மணி. கலர் பென்சில் ஒரு டப்பா வாங்கியிருந்தாள். வாக்குத்தத்தங்களுக்குப் பச்சை, கட்டளைகளுக்கு நீலம், தண்டனைகளுக்குச் சிவப்பு என்று யாரோ சபையில் சொல்லிக்கொடுத்த வழக்கம். வருஷம் ஓடியதில் சிவப்புப் பென்சில் தேய்ந்து கட்டைவிரல் அளவாகிவிட்டது. பச்சையின் முனை இன்னும் கடையில் சீவிக் கொடுத்தபடியே இருந்தது. இவ்வளவு ஊன்றிப் படிக்கிறவள் சபையிலேயே இல்லை என்று பாஸ்டர் ஒருநாள் மெச்சினார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆகவே அண்ணி வந்து நின்றபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "வாசிக்கிறேன் அண்ணி. ஆனா என் புத்தகத்துலதான் வாசிப்பேன்."

அங்கேதான் அண்ணனுக்குத் தொண்டையில் முள் சிக்கியது. அந்தப் புதிய மொழிபெயர்ப்பைச் சபை மேடையில் வைக்கலாமா என்று கூட்டம் போட்டபோது, எழுந்து நின்று அதைக் கவிழ்த்தவரே அவர்தான். "வசனத்தையெல்லாம் வெட்டி எடுத்திருக்காங்க. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒன்பது. கடைசியில அட்டைதான் மிஞ்சும்" என்றார். எந்த வசனம், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது, அந்தப் புத்தகத்தை அவர் திறந்து பார்த்ததே இல்லை. இப்போது வேறு வழியில்லை. "கதவைச் சாத்திட்டு வாசி. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். அண்ணியையும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டிப்போட்டார்.

குளக்கரைக் கதைக்கு வருவோம். குருடரும் முடவரும் குளத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். தேவதூதன் இறங்கிவந்து தண்ணீரைக் கலக்குவான். முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம். கண் போன மனிதர் வேறெதைக் கேட்பார்? சின்னவள் வாசித்தாள். படுத்திருந்தவர்களைப் பற்றி வாசித்ததும், நேரே அடுத்த ஆளின் கதைக்குத் தாவியது புத்தகம்.

"தூதன் இறங்கறதை விட்டுட்டியே" என்றார் அண்ணன்.

அவள் பார்த்தாள். நிஜமாகவே இல்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டு, பழைய பிரதிகள் பலவற்றில் இது காணப்படவில்லை என்று குறித்திருந்தார்கள். ஒளிக்காமல் அப்படியே வாசித்துக் காட்டினாள். அண்ணன் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். "அப்போ அது பின்னாடி யாரோ சேர்த்ததா?" என்று கேட்டார். "அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். அவர் மோவாய் இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் சின்னவளுக்கு நாக்கில் வெல்லம் வைத்தது போல இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? வசனத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்ன வாய்க்கு, அந்தப் பேச்சையே ஊட்டிவிட்டால் என்ன என்று அங்கேயே தோன்றிவிட்டது.

மறுநாள் நூற்று மூன்றாம் சங்கீதம். கிழக்குக்கும் மேற்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்குப் பாவத்தை அப்புறப்படுத்துகிற வரி கண்ணெதிரே கொட்டை எழுத்தில் இருந்தது. சின்னவள் அதைத் தாண்டி வாசித்தாள்.

"கிழக்கும் மேற்கும்?" என்றார் அண்ணன்.

"இந்தப் புத்தகத்தில அது இல்லண்ணா."

"அடியில போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பழைய பிரதிகள்ல இல்லையாம்."

கடையில் ஒருவருக்கு நம்பர் ஏறியிருக்கிறது என்று சொல்வாளே, அதே குரல்தான். முந்தின நாள் நிஜமான குறிப்பைக் கேட்டவர், இன்றைக்குப் பொய்க் குறிப்பை எப்படிச் சந்தேகிப்பார்? பாஸ்டரிடம் கேட்கலாம்தான். கேட்டால், வசனப்பெட்டி வீட்டில் எந்தப் புத்தகம் வாசிக்கப்படுகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. தண்டனைகளை ஒரு எழுத்துக்கூட விடாமல் வாசித்தாள். ஆறுதல் வருகிற இடத்தில் கத்தரித்தாள். ஊதாரி மகன் கதையில், பையன் பன்றித் தொழுவத்திலிருந்து எழுந்து வீட்டுக்கு நடக்கிறான். அப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிற இடத்தை அப்படியே தூக்கினாள். நடந்தவன் நடந்துகொண்டே இருக்க, மூத்த மகன் வயலிலிருந்து கோபத்தோடு வந்து சேர்ந்தான். "அப்பா ஓடிவரலியா?" என்று அண்ணன் கேட்டது சிறுபிள்ளை கேட்பது போல இருந்தது. "இல்ல" என்றாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும், அந்த வாக்கியம் தானாக வாயிலிருந்து விழும்.

அண்ணன் இளைத்துக்கொண்டு வந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு வசனம் சொல்வதை நிறுத்தினார். "என்ன வாசிக்கிறியோ தெரியல. நீ போனப்புறம் சோறு இறங்க மாட்டேங்குது அவருக்கு" என்றாள் அண்ணி, வாசலில் செருப்பு மாட்டும்போது. "வேதம்தான் வாசிக்கிறேன் அண்ணி" என்றாள் சின்னவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போகிற நேரத்தில் அண்ணன் போகாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் அப்பாவின் பழைய வேதப்புத்தகம். சின்னவள் உள்ளே வந்ததும் அண்ணியையும் கூப்பிட்டார். "நீயும் இரு. கதவைச் சாத்த வேண்டாம்."

அந்த வாக்கியம் வந்துவிட்டது என்று சின்னவள் நினைத்தாள்.

"இருபத்தேழு வாசி" என்றார்.

வாசித்தாள். இந்தப் புத்தகத்தில் அதற்குத் திருப்பாடல் என்று பெயர், கர்த்தருக்குப் பதிலாக ஆண்டவர். அண்ணனின் உதடுகள் பழைய வார்த்தைகளைச் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டு வந்தன. என்னைக் கைவிடாதேயும் என்று கெஞ்சுகிற இடம் வந்தது. அடுத்தது அந்த வரி. அவள் நிறுத்தினாள். கத்தரிப்பதா, விடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணன் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் இரு. அன்னிக்கு உன் கையிலேர்ந்து இதைப் பிடுங்கினேன்." மடியிலிருந்த புத்தகத்தைத் தட்டினார். "கண்ணு மங்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதே நினைப்புதான். உன்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னதே அதுக்குத்தான். பத்து நாள் வாசிக்கட்டும், அப்புறம் இவளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருந்தேன்."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆனா நீ வாசிக்க வாசிக்கத்தான் புரிஞ்சுது. மன்னிப்புன்னு நாங்க மனப்பாடம் பண்ணினதெல்லாம் யாரோ இரக்கப்பட்டு நடுவுல சொருகினது. அசல்ல அப்படி ஒண்ணு கிடையாது. கிடையாத பொருளை உன்கிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா அதுவும் ஏமாத்துதான். அதனால கேக்கப்போறதில்ல." காற்றில் துழாவி அவள் பக்கம் புத்தகத்தை நீட்டினார். "இது உன்னுது. எடுத்துக்கோ. என் அடக்கத்துக்கும் நீதான் வாசிக்கணும். உன் புத்தகத்துலயே வாசி. அதுல இருக்கிறது எவ்வளவோ, அவ்வளவு போதும்."

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அத்தனை வருஷம் காத்திருந்த அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே இந்த வீட்டில் அவளுக்காகத் தயாராக இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து அவளே கத்தரித்திருக்கிறாள். இனி அது வேண்டுமென்றால், நான் பொய் சொன்னேன் என்று அவள் முதலில் சொல்ல வேண்டும். அதுவும் அண்ணியின் காது கேட்க. இந்த மனுஷனிடம் நான் தலைகுனிவதா என்று உள்ளே ஒன்று பல்லைக் கடித்தது. தோற்றும் ஜெயித்துவிட்டாரே பாவி என்று இருந்தது.

"அப்பாவுக்குப் பிடிச்ச அந்த வரி" என்றார் அண்ணன். முகத்தை அவள் குரல் வருகிற பக்கமாகத் திருப்பியிருந்தார். "பெத்தவங்க கைவிட்டாலும்னு வருமே. அதாவது இருக்கா? இல்ல, அதுவும் சேர்த்ததுதானா?"

புத்தகத்தை வாங்கப் போன அவள் கையை அண்ணன் பற்றிக்கொண்டார். அப்பாவின் புத்தகம் அவள் மடியில் விழுந்த வேகத்தில், பலமுறை திறந்து பழகிய பக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. ஒரு தொடையில் பழையது, ஒரு தொடையில் புதியது. இரண்டிலும் அதே வரி. அண்ணி சுவரை விட்டு நகர்ந்து, சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். சின்னவள் புதிய புத்தகத்தின் மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்தாள். பழையதை மூட அவளுக்கு இன்னொரு கை இருந்தது. அது இன்னும் அண்ணன் நீட்டிய கைக்குள் அகப்பட்டுக் கிடந்தது.